பெரிய டயர் வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜீப்புகளுக்குப் பெரிய டயர் போடும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயரின் விலை, அகலம், தோற்றம் ஆகியவற்றை விரிவாகச் சொன்ன அந்தக் கட்டுரை, டயர் பெரிதானால் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்) ஆகியவற்றின் விகிதமும் மாற வேண்டும் என்பதை ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. போடியில் குடியிருந்துகொண்டு, இடுக்கி மலையிலுள்ள ஏலத்தோட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பழைய டீசல் ஜீப்பில் ஏறி இறங்கி வருபவன் நான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஒரு கிளட்ச் பிளேட்டையும் ஒரு வருடத்து நிம்மதியையும் இழந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் ஜீப்பில் முதலில் இருந்தவை 6.00-16 அளவுள்ள டயர்கள். அவை தேய்ந்தபோது, சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 31 அங்குல டயர்களைப் போட்டுக்கொண்டேன். சேற்றில் பிடித்தது உண்மைதான். ஆனால் மூன்றாவது கியரில் ஏறிய இடங்களிலெல்லாம் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியதாயிற்று. இரண்டாவதில் ஏறிய இடங்களில் முதல் கியரும் ஹாஃப் கிளட்சும் தேவைப்பட்டன. மூட்டை ஏற்றிய நாட்களில் வண்டிக்குள் கிளட்ச் கருகும் வாடை அடித்தது. எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று ஒரு மெக்கானிக்கும், டீசல் பம்ப்பில் கோளாறு என்று இன்னொருவரும் சொன்னார்கள். டயரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பதை அறிய ஒரு சாக்குக்கட்டி போதும். டயரிலும் தரையிலும் ஒரே நேர்கோட்டில் ஒரு கோடு போட்டு, டயரிலுள்ள கோடு மறுபடி தரையைத் தொடும் வரை வண்டியைத் தள்ளி அளந்தால் கணக்கு கைக்கு வந்துவிடும். ஸ்டெப்னியாகக் கிடந்த பழைய டயரை மாட்டி அளந்தபோது 2.22 மீட்டர் வந்தது. புதிய டயரில் 2.39 மீட்டர். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அங்குலத்தை வைத்துக் கணக்குப் போடுவதைவிட இது நம்பகமானது. ஏனெனில் பாரம் தாங்கி நிற்கும் டயர் சற்று அமுங்கியே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக 17 சென்டிமீட்டர் போவதால், சக்கரத்தைச் சுற்ற எஞ்சின் அந்த அளவுக்கு அதிகம் முக்க வேண்டியிருக்கிறது என்பதே என் வண்டியின் வியாதி.

அடுத்து ஆக்சில் விகிதம். பின் ஆக்சிலின் மூடியைத் திறந்து, கிரவுனின் பற்களை எண்ணிப் பினியனின் பற்களால் வகுப்பதே ஐயத்துக்கு இடமில்லாத வழி. மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரிதான் இதுவும். திறக்க மனமில்லாதவர்கள், மற்ற சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி அதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும்; அதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர் பெட்டிப் பக்கமிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு, எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் அந்த ஷாஃப்டையே பிடிப்பதால் அதை விடுவித்தால்தான் ஷாஃப்ட் சுற்றும். அதனால்தான் கட்டையை அழுத்திச் சொல்கிறேன். என் வண்டியில் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8 பல், அதாவது 4.88.

பழைய விகிதத்தைப் புதிய டயரின் சுற்றளவால் பெருக்கிப் பழைய டயரின் சுற்றளவால் வகுத்தால் தேவையான விகிதம் கிடைக்கும். எனக்கு வந்தது 5.25. அப்படியொரு செட் கடையில் இல்லை. அடுத்ததாகக் கிடைப்பது 43-க்கு 8, அதாவது 5.38. இந்த இரண்டு எண்களுக்கும் ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது 4.88. போர் முடியும் தறுவாயில் 1945-இல் அதே வண்டியை உழவு வேலைக்கென்று சிஜே-2ஏ என்ற பெயரில் வில்லிஸ் நிறுவனம் கொண்டுவந்தபோது ஆக்சிலை 5.38 ஆக்கியது. ஓடுவதற்கு ஒரு விகிதம், இழுப்பதற்கு ஒரு விகிதம் என்பது அன்றே தெளிவாக இருந்திருக்கிறது.

பெரிய டயரால் எஞ்சினின் சுற்று குறைகிறது, அதனால் டீசல் மிச்சமாகும் என்று வாதிடுபவர்கள் உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நாலாவது கியரில், என் எஞ்சின் முன்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2200 சுற்றுச் சுற்றியது, பெரிய டயருடன் அது 2040 ஆயிற்று, 5.38 போட்ட பிறகு 2250. காகிதத்தில் 2040 அழகான எண்தான். ஆனால் மேட்டைக் கண்டதும் நாலாவது கியர் தாங்காமல் மூன்றாவதுக்கு இறங்கி, முன்பைவிட அதிகச் சுற்றில் கத்திக்கொண்டு போகும் வண்டியில் மிச்சம் எங்கிருந்து வரும்? சமவெளியில் நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு, கணக்கில் வந்த எண்ணைவிடச் சற்றுக் குறைந்த விகிதம் பொருந்தலாம். மலைக்குப் போகிறவர் சற்றுக் கூடுதலான பக்கம் சாய்வதே நல்லது.

ஏற்றத்தை விட இறக்கம் முக்கியம். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பாதிக்கு மேல் எஞ்சின்தான். டயர் பெரிதானால் அந்தப் பிடிப்பும் குறைகிறது, பிரேக்கின் பிடிப்பும் குறைகிறது, டிரம் கொதிக்கிறது. ஆக்சில் விகிதத்தைச் சரி செய்தால் எஞ்சினின் பிடிப்பு திரும்பி வரும். பிரேக் டிரம் பழைய டிரம்தான் என்பதை மறக்கக் கூடாது.

இனி என் மடமையைச் சொல்கிறேன். முன் ஆக்சிலை எப்போதாவதுதானே பயன்படுத்துகிறீர்கள், பின்னால் மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள்; செலவு பாதியாகுமே என்று நானும் தலையாட்டினேன். முன்னால் 4.88, பின்னால் 5.38. மழை பெய்த ஒரு காலையில் செம்மண் ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டு ஏறினேன். ஸ்டியரிங் கனத்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை, ஏனெனில் சேறு வழுக்கிக் கொடுத்தது. மேலே கான்கிரீட் பாதையில் ஏறியதும் யாரோ பிரேக்கை மிதித்தது போல வண்டி இறுகியது; ஃபோர் வீல் லீவரை இரண்டு கையாலும் இழுத்தும் வெளியே வரவில்லை. ஃபோர் வீலில் முன், பின் ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் சுற்றுவதால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நூற்றுக்குப் பத்து வேகமாகச் சுற்றப் பார்க்கும்போது அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியர்களிலும் ஏறி நிற்கிறது. நான் வண்டியைப் பின்னால் நகர்த்த, தோட்டத்து ஆள் ஒருவர் லீவரைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக விடுபட்டது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் செட் வேறு வேறாக இருக்கலாம். விகிதம் ஒன்றாகவே இருந்தாக வேண்டும்.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி விற்கப்படும் ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். காயலான் கடையில் ஒன்றை ஒரு வண்டியிலிருந்தும் மற்றதை இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்துச் சேர்ப்பது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம். பற்களுக்கிடையே உள்ள பிளே, அதாவது இடைவெளி, ஏறத்தாழ மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும்; ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, டயல் கேஜ் என்ற அளவுகருவியில் பார்த்து, பிரஷ்யன் ப்ளூ என்ற நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்க்கும்போது தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்துச் 'சரியாக இருக்கு' என்று மூடிவிடும் பட்டறைகளே அதிகம். அந்த வண்டிகள் நாற்பதைத் தாண்டினால் ஊளையிடும்.

வேகமானி ஷாஃப்டின் பக்கமிருந்து அளவெடுப்பதால், பெரிய டயர் மட்டும் போட்டிருந்தபோது அது 60 காட்டினால் உண்மையில் 64-க்கு மேல் போய்க்கொண்டிருந்தேன். ஆக்சிலை மாற்றிய பிறகு அது கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டறிந்த பிறகே டயர் கடைக்குப் போவது நல்லது.

என் அக்காள் மகன் தன் ஜீப்புக்கு 33 அங்குல டயர் வேண்டும் என்று நின்றான். அவன் வண்டியிலும் 39-க்கு 8-தான். 2.55 மீட்டர் சுற்றளவு என்று வைத்துக் கணக்குப் போட்டால் 5.60 தேவை, 5.38 போட்டாலும் நூற்றுக்கு நாலு குறையும், மட்கார்டு உரசும், அதே சிறிய டிரம்தான் அந்தக் கனத்தை நிறுத்த வேண்டும். காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகு 31-க்கு ஒத்துக்கொண்டான். இரண்டு ஆக்சிலுக்குமான செட்டுக்கு முன்பணமும் கட்டியிருக்கிறான். பெரிய டயர்களைப் பற்றி இனி எழுதும்போது, இந்தச் செலவையும் டயர் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு தங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டக்கார வாசகர்,
போடிநாயக்கனூர்.