ஃப்ரீஸ் டிரையர் இருக்கிறதே என்று எழுதிய குழுவுக்கு

மதிப்பிற்குரிய கருவிக் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். வாழை மட்டை நாரிலிருந்து ஏரோஜெல், அதாவது வெப்பத்தைத் தடுக்கும், நுண்துளைகள் நிறைந்த மிக லேசான திடப்பொருள், செய்யும் எங்கள் ஆய்வுக்கு சூப்பர்கிரிட்டிக்கல் டிரையர் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. "துறையில் ஏற்கெனவே ஃப்ரீஸ் டிரையர் உள்ளது" என்ற ஒற்றை வரிதான் காரணம். ஃப்ரீஸ் டிரையர் என்பது ஈரப் பொருளை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை ஆவியாக்கி உலர்த்தும் கருவி. இதே குழுதான் ஆண்டு மதிப்பீட்டில், எங்கள் மாதிரியின் வெப்பக் கடத்துதிறன் ஏன் காற்றைவிடக் குறையவில்லை என்று கேட்டிருந்தது. இரண்டையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அசையாத காற்றின் கடத்துதிறன், மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 26 மில்லிவாட். தெர்மாக்கோல் 30-க்கு மேல். காற்றுக்கும் கீழே இறங்க வேண்டுமென்றால் துளைகள் ஏறத்தாழ 70 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி வெப்பத்தைக் கைமாற்றுவதற்கு முன்பே சுவரில் முட்டிவிடும். ஃப்ரீஸ் டிரையரில் தண்ணீர் உறையும்போது பனிப்படிகம் வளர்ந்து நார்களை ஓரத்துக்குத் தள்ளுகிறது. பனி போனபின் மிஞ்சுவது மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய துளைகள். நாரை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் உலர்த்தும்போது அந்த உழைப்பு வீணாகிறது.

சூப்பர்கிரிட்டிக்கல் டிரையரில் நடப்பது வேறு. ஜெல்லின் துளைகளை நிரப்பும் கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியஸுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் திரவம், வாயு என்ற எல்லையே இருக்காது. துளைச்சுவரை உள்ளிழுக்கும் விசையும் இருக்காது. 2014இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் நானோ செல்லுலோஸை (நானோமீட்டர் அளவுக்கு மெல்லியதாகப் பிரித்த தாவர நாரை) இப்படி உலர்த்தித்தான் 18 மில்லிவாட்டைத் தொட்டார்கள். நாங்கள் கேட்பதும் அந்தக் கருவியைத்தான்.

சரி, இருக்கிற ஃப்ரீஸ் டிரையராவது ஒழுங்காக ஓடுகிறதா? போன மாதம் இரவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இணைப்பு எங்கள் தளத்துக்குக் கிடையாது. வேக்யூம் இறங்கி, பாதி உலர்ந்த ஜெல்லுக்குள் பனி உருகிவிட்டது. காலையில் குடுவையைத் திறந்தால், உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக நின்றிருக்க வேண்டிய மாதிரி பொரித்த அப்பளம் போல நெளிந்து, பழுப்பேறி, அடியில் ஒட்டிக் கிடந்தது. நாரை வெளுத்து, அரைத்து, ஜெல்லாக்கிய என் ஜூனியர் மாணவி அதைச் சுரண்டி எடுத்து, எடை போட்டு, நோட்டில் எழுதிவைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

தெர்மாக்கோலுக்கு மாற்று வேண்டும் என்று ஒவ்வொரு கருத்தரங்கிலும் பேசுகிறார்கள். தார் அறுத்தபின் வெட்டிப்போட்ட வாழை மட்டை தேனியிலும் திருச்சியிலும் வயலிலேயே மட்குகிறது. மூலப்பொருளும் இருக்கிறது, உழைக்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கருவி கேட்டால் மட்டும் கோப்பு நகர்வதில்லை. அப்புறம், படித்தவர்கள் வெளிநாடு போகிறார்கள் என்று வருத்தப்படுவதில் என்ன நியாயம்?

இந்த ஏரோஜெல் ஈரத்தை உறிஞ்சும் சிக்கல் தனியாக இருக்கிறது. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உலர்த்தும் கருவி இல்லாமல் எதுவும் நகராது. எங்கள் துறைக்கே வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. பொதுக் கருவி மையத்தில் வைத்து எல்லாத் துறைக்கும் திறந்துவிடுங்கள், முறைபோட்டுப் பயன்படுத்துகிறோம். உடனே வாங்க நிதி இல்லையென்றால், கருவி இருக்கும் வேறொரு நிறுவனத்தில் உலர்த்திக்கொள்ள அனுமதியும் பயணப்படியும் தாருங்கள். இரண்டும் முடியாது என்றால், தயவுசெய்து காரணத்தை விளக்கமாக எழுதி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் எங்கள் விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவர்