நீ பார்த்த படத்தில் துப்பாக்கி இல்லை

அன்புள்ள கண்ணா,

போன மாதம் போனில் நாம் சண்டை போட்டோமே, ஸ்பீல்பெர்க் எடுத்த இ.டி. படத்தில், வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து தனியாக மாட்டிக்கொண்ட இ.டி.யை எலியட்டும் மற்றப் பையன்களும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு தப்பும்போது மறிக்கிறவர்கள் கையில் துப்பாக்கி இருந்ததா இல்லையா என்று. "இல்லவே இல்லைம்மா, வாக்கி டாக்கிதான்" என்று நீ சாதித்தாய். "ஒன்பது வயதிலிருந்து எனக்குத் தெரிந்த படம், என்னிடமே சொல்கிறாயா" என்று சொல்லி உன் வாயை அடைத்துவிட்டேன். அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கடிதம்.

நேற்று ராத்திரி ப்ளூ ரே வட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். துப்பாக்கி இருக்கிறது. ஆனால் நீ சொன்னதும் சரிதான். 1982 ஜூனில் வெளியான படத்தில் இருந்த துப்பாக்கிகளை, இருபதாம் ஆண்டையொட்டி 2002-ல் மறுபடி வெளியிட்டபோது ஸ்பீல்பெர்க் கணினியில் அழித்துவிட்டு, அந்தக் கைகளில் வாக்கி டாக்கியைக் கொடுத்திருக்கிறார். உனக்கு நான் வாங்கிப் போட்ட டிவிடி அந்தப் பதிப்பு. 2012-ல் ப்ளூ ரே வந்தபோது படம் பழையபடி திரும்பிவிட்டது. அப்படி மாற்றியிருக்கவே கூடாது என்று 2023-ல் அவரே ஒரு மேடையில் வருத்தப்பட்டுப் பேசினார்.

எனக்கும் துப்பாக்கி இருக்கும் பதிப்புதான் பிடித்திருக்கிறது. சாலையை அடைத்துக்கொண்டு அவர்கள் நிற்கிறார்கள், இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு எதிரே அவ்வளவு பெரிய துப்பாக்கி. எலியட் கண்ணை மூடிக்கொள்கிறான். சைக்கிள் தரையை விட்டு எழும்புகிறது. நெஞ்சில் அப்படி ஒரு விடுதலை! அந்தப் பயம் இல்லாவிட்டால் பறப்பதற்கு அத்தனை அவசியம் வருமா என்று தோன்றுகிறது. ஆனால் நீ ஆறு வயதில் பார்த்து மனசில் வைத்திருப்பது உன் படம். அதை நான் இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாது.

என் ஞாபகத்திலும் ஒரு தப்பு இருந்தது. நிலவின் குறுக்கே ஐந்து சைக்கிளும் சேர்ந்து பறப்பதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நிலவைக் கடப்பது எலியட் மட்டும், முன்கூடையில் இ.டி.யை வைத்துக்கொண்டு. ஐந்து பேரும் சேர்ந்து பறப்பது கடைசியில், மறைகிற சூரியனுக்கு முன்னால். இரண்டையும் நான் எப்போதோ ஒன்றாகத் தைத்துவிட்டேன்.

உனக்கு வீடியோ கேசட் காலம் தெரியாது. படம் தியேட்டருக்கு வந்து ஆறு வருஷம் கழித்து, 1988 அக்டோபரில்தான் அது விஎச்எஸ்ஸில் வெளியானது. அந்தக் கேசட் என் கைக்கு வந்தபோது நான் பெரிய பெண்ணாகிவிட்டிருந்தேன், ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அரை அங்குல அகல நாடா அது. பார்க்கப் பார்க்கத் தேயும். திரையில் கோடு கோடாக ஓடும்போது டிராக்கிங் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். படத்தின் ஆரம்பத்தில் வரும் அந்த ராத்திரிக் காடு எங்களுக்கு வெறும் கறுப்பு, அங்கங்கே டார்ச் வெளிச்சம், அவ்வளவுதான். நேற்று பார்த்தபோது அந்தக் கறுப்புக்குள் மரம் மரமாக, பனி பனியாக எவ்வளவோ இருந்தது. விண்கலத்துக்குள்ளே செடிகள்! இ.டி.யின் கூட்டத்தார் செடி சேகரிக்க வந்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு வீட்டில் அந்தப் பூச்செடி இ.டி.க்கு உடம்பு முடியாதபோது வாடுகிறதும், அவன் பிழைக்கும்போது நிமிர்கிறதும், கடைசியில் அந்தத் தொட்டியையே அவன் எடுத்துக்கொண்டு போகிறதும் எல்லாம் ஒரே கொடியாகச் சேர்ந்தது.

ஒன்பது வயதில் படத்தில் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. இ.டி.க்கும் புரியவில்லை. டிவியைப் பார்த்து அவன் ஒவ்வொரு சொல்லாகப் பிடிக்கும்போது நானும் கூடவே பிடித்தேன். அதனால்தான் அவன் மேல் அவ்வளவு பிரியம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நேற்று நான் அவனைப் பார்க்கவில்லை, கண்ணா. எலியட்டின் அம்மா மேரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கவனித்திருக்கிறாயா, படத்தில் வெகுநேரம் வரை பெரியவர்களுக்கு முகமே கிடையாது. இடுப்புக்குக் கீழேதான் காட்டுவார்கள். தேடி வருகிறவனை இடுப்பில் ஆடும் சாவிக்கொத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். கேமரா குழந்தையின் கண் உயரத்திலேயே நிற்கிறது. முகம் காட்டப்படும் ஒரே பெரியவள் அம்மா. புருஷன் வேறொருத்தியோடு மெக்சிகோ போய்விட்டான். மூன்று பிள்ளைகள். வாங்கி வந்த சாமான்களோடு சமையலறைக்குள் நுழைகிறாள், ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கிறாள், கதவு இடித்து இ.டி. கீழே விழுகிறான், அவள் கவனிக்கவில்லை. பிள்ளையின் அலமாரியை எட்டிப் பார்க்கிறாள். பொம்மைகளுக்கு நடுவே அவன் இன்னொரு பொம்மைபோல நிற்கிறான். அதையும் கவனிக்கவில்லை. சின்ன வயதில் இந்த இடங்களில் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன். நேற்று அழுகை வந்தது.

அந்த டிவிடியை உனக்குப் போட்டுவிட்டு நான் எங்கே போனேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேலை பார்க்கப் போய்விட்டேன். ஒரு தடவைகூட உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதிப்பை முழுசாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாக்கி டாக்கி எனக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள், "கிளாஸ்ல யாரும் என்னோட பேசறதில்லைம்மா" என்றாய். என் இரண்டு கையிலும் பை. "அப்படியெல்லாம் இருக்காதுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தது என்று நீ காலேஜ் சேர்ந்த பிறகு, ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாய். அன்றைக்கும் நான் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து அறையில் நீ அத்தனையையும் தனியாக ஒளித்து வைத்திருந்தாய், நான் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு. இதை எழுத எனக்கு இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

மேரி நல்ல அம்மாதான், கண்ணா. ராத்திரி மகளுக்குப் பீட்டர் பேன் கதை படிக்கிறாள். அலமாரிக்குள் எலியட்டும் இ.டி.யும் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தான் யாருக்கெல்லாம் படிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் காட்சியை நேற்று இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். உனக்கு நான் படித்த கதைகள் எதையாவது நீ வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

அப்பாவின் சட்டையை எலியட்டும் அண்ணனும் கேரேஜில் எடுத்து முகர்ந்து பார்ப்பார்களே, அந்த இடமும் கேசட் காலத்தில் எனக்குச் சும்மா கடந்துபோனது. நீ விட்டுவிட்டுப் போன ஸ்வெட்டர் இங்கே இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

கடைசிக் காட்சி உனக்கு மனப்பாடமாக இருக்கும். அதற்கு முன்னால் வரும் துரத்தலிலிருந்து முடிவு வரைக்கும் இசையை நன்றாகக் கேள். படத்தின் வெட்டுக்குத் தகுந்தபடி இழுத்துப் பிடித்து வாசிக்க இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸுக்குச் சரியாக வரவில்லையாம். திரையை அணைத்துவிட்டு உன் இஷ்டத்துக்கு வாசி என்று ஸ்பீல்பெர்க் சொல்லி, பிறகு அந்த இசைக்குத் தகுந்தபடி படத்தை வெட்டியிருக்கிறார். அதனால்தான் அந்த இடத்தில் படமே மூச்சு விடுவதுபோல இருக்கிறது. காட்சிகளைக் கதை போகும் வரிசையிலேயே பெரும்பாலும் எடுத்ததால், பிரியும் காட்சியை எடுக்கும்போது பிள்ளைகளுக்கும் நிஜமாகவே பிரியும் நேரம். அவர்கள் கண்ணில் வருவது நடிப்பு மட்டும் இல்லை.

இ.டி. "வா" என்கிறான். எலியட் "இரு" என்கிறான். ஆளுக்கு ஒரு சொல்தான். நான் எப்போதும் அவர்கள் இரண்டு பேரையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மேரியும் அங்கேதான் இருக்கிறாள். தன் பிள்ளை அந்தக் கலத்தில் ஏறிப் போய்விடலாம் என்று தெரிந்தும் குறுக்கே ஓடி வரவில்லை. விமான நிலையத்தில் உன் பெட்டியின் கைப்பிடியை நான் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, இப்போது ஒரு வேலை. உன் பழைய டிவிடி மேஜையின் கீழ் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. தூசி துடைத்து வைத்தேன், போட்டுப் பார்க்கவில்லை. நீ லீவில் வரும்போது இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரியில் பார்ப்போம். முதலில் உன்னுடையது. நான் எழுந்து எங்கும் போகமாட்டேன்.

அன்புடன்,
அம்மா