ஜிஎஸ்டி நம்பர் கேட்டேன், லைன் கட்

கும்பகோணம்

அன்புள்ள முருகேசா,

கடிதம் புதன்கிழமை வந்தது. உன் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு விளம்பரம் போடுகிறேன் என்று எவனோ 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனதை எழுதிவிட்டு, "சிரிக்காதேடா" என்று வேறு போட்டிருக்கிறாய். எப்படிச் சிரிப்பேன்? போன மாதம் நானே மயிரிழையில் தப்பினவன்.

வெள்ளிக்கிழமை, கடையில் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு பெண். "சார், கூகுள் வெரிஃபிகேஷன்லேருந்து பேசுறோம். உங்க கடை லிஸ்டிங் இன்னிக்கு சாயங்காலத்தோட முடியுது. ரினியூ பண்ணலைன்னா மேப்புல 'நிரந்தரமாக மூடப்பட்டது'ன்னு வந்துடும்." கடைப் பேர், தெரு, குத்துவிளக்கு நேராக நிற்கவில்லை என்று ஒருத்தன் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தது வரை சொன்னாள். எல்லாம் மேப்பில் யாரும் பார்க்கக்கூடியதுதான், அப்போது தோன்றவில்லை. 'மூடப்பட்டது' என்றதுமே வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்பா காலத்துக் கடைடா.

4,999 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 5,899. வாட்ஸ்அப்பில் க்யூஆர் வந்தது. ஸ்கேன் பண்ணினால் கம்பெனிப் பேர் இல்லை, யாரோ ஒரு ஆளின் பேர். அதுவும் எனக்கு உறைக்கவில்லை. காப்பாற்றினது வியாபாரிப் புத்திதான், அந்த ஜிஎஸ்டியை நான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளாமல் விட்டுவிட மனசு வரவில்லை. "உங்க ஜிஎஸ்டி நம்பர் சொல்லும்மா, இன்புட் எடுக்கணும்" என்றேன். பத்து இலக்கம் சொன்னாள். "அது 15 ஆச்சே, நம்ம ஊர்னா 33ல ஆரம்பிக்குமே?" லைன் கட்.

கூகுளில் கடையைப் பதிந்து வைத்துக்கொள்ளக் காசே கிடையாதாம், விளம்பரம் போட்டால்தான் பணம். சாயங்காலம் மருமகப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. இங்கே ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறவரிடம் பணமே கேட்கவில்லை, "போனுக்கு வந்த நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றார்கள். சொல்லிவிட்டார். அதை வைத்து மேப்பில் அவர் கடை நம்பரையே மாற்றிவிட்டார்கள். ஒரு வாரம் அவர் கடையைத் தேடி போன் பண்ணினவர்கள் எல்லாம் வேறு எவனிடமோ பேசினார்கள்.

2016 மகாமகத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறோம், விளம்பரம் கொடுங்கள் என்று ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர்கள் ஞாபகம் இருக்கிறதா? நீயும் அப்போது கடையில்தான் உட்கார்ந்திருந்தாய். பேரில் 'போலீஸ்' ஒட்டின பத்திரிகைக்காரர் விளம்பரம் கேட்டுத் தனியாக வருவார். அதுவும் பிடுங்கல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆள் எதிரே நிற்பார், காபி குடிப்பார், அப்பாவின் இனிஷியலைத் தப்பாகப் போட்டாவது புத்தகம் ஒன்று கைக்கு வந்து சேரும்.

நீ சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குப் போன் பண்ணிச் சொல்லு. உடனே சொல்லியிருந்தால் பணம் போன கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும், இப்போது நாளாகிவிட்டது, ஆனாலும் பதிந்து வை. அதைவிட அவசரம் ஒன்று. "மாசாமாசம் தானா போயிடும்" என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் குடைகிறது. யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்று ஒரு இடம் இருக்கும், இன்றைக்கே திறந்து பார். அன்றைக்கு யுபிஐ பின் நம்பர் போட்டபோது அதற்கும் சேர்த்து நீயே சம்மதம் கொடுத்திருப்பாய். இருந்தால் ரத்து பண்ணு. தங்கச்சியிடம் மறைக்காதே, அவள் உன்னைவிடக் கணக்கில் கெட்டி.

ஐந்து முக விளக்கை பார்சல் ஆபீஸில் போட்டாயிற்று. பிரித்ததும் உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்தைப் பார், போன தடவை அங்கேதான் வளைந்தது.

உன்
ரங்கன்