வேகத்துக்குக் கட்டுப்படாத கணக்குகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 1982-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் ருடால்ஃப் வில்லே தொடங்கிவைத்த, எதற்கு எந்தப் பண்பு உண்டு என்ற அட்டவணையிலிருந்து கருத்துருக்களைப் பிரித்தெடுக்கும் முறைசார் கருத்துருப் பகுப்பாய்வைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், கணினியின் வேகம் கூடக்கூட இத்துறையின் கணக்குகள் எல்லாம் எளிதாகிவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்பதற்கில்லை.

எங்கள் அல்சூர்க் குடியிருப்பையே எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு ஒரு குடும்பம், பத்திக்கு ஒரு மொழி: தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம். தெரிந்த மொழிக்கு நேரே குறியிடுகிறோம். சில குடும்பங்களுக்குப் பொதுவான மொழிகள் அனைத்தையும் திரட்டி, அம்மொழிகள் அனைத்தும் தெரிந்த குடும்பங்களைத் தேடும்போது, தொடங்கிய அதே குடும்பங்களே திரும்பக் கிடைத்தால் அந்த இணை ஒரு கருத்துரு. ஆறு குடும்பங்களில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஒரு மொழி மட்டும் தெரியாது என்றால் 64 கருத்துருக்கள் வரும். அதே அமைப்பில் 30 வரிசையும் 30 பத்தியும் இருந்தால் 107 கோடியைத் தாண்டிவிடும். ஒரு வரிசையும் ஒரு பத்தியும் சேர்ந்தாலே எண்ணிக்கை இரட்டிப்பதால், இருமடங்கு வேகமுள்ள கணினியை வாங்கிவைத்தாலும் அதே நேரத்தில் ஏறத்தாழ ஒரு வரிசைதான் கூடுதலாகச் சமாளிக்கலாம். நடைமுறை அட்டவணைகளில் குறிகள் பெரும்பாலும் குறைவாகவே இருப்பதால் மென்பொருள் சட்டென்று முடித்துவிடுகிறது. கட்டுரையாளர் கண்டது அதுவாக இருக்கலாம்.

இங்கே பழி செய்முறையின் மீதன்று, விடையின் நீளத்தின் மீதே. இத்துறைக் கணிதவியலாளர் பெர்ன்ஹார்ட் கான்டரின் அல்காரிதம், ஒரு கருத்துருவிலிருந்து அடுத்ததற்குச் செல்ல, அட்டவணை அளவின் பல்லுறுப்புக்கோவைக்குள் அடங்கும் நேரமே, அதாவது அட்டவணை வளர்ந்தாலும் இரட்டித்துக்கொண்டே போகாத நேரமே, எடுக்கிறது. பட்டியல் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்றாலும் தப்ப வழியில்லை. அக்கணக்கு, எண்ணும் கணக்குகளில் மிகக் கடினமானவை அடங்கிய ஷார்ப்-பி முழுமை வகையைச் சேர்ந்தது என்று செர்கெய் குஸ்னெட்சோவ் நிறுவியிருக்கிறார்.

கட்டுரை தொடாமல் விட்டது இதனினும் கடினமான இடம். 'உருது தெரிந்த குடும்பத்துக்கெல்லாம் இந்தியும் தெரியும்' என்பது போன்ற விதிகளை, வேறு எப்படித் தொகுத்தாலும் அதனினும் குறைக்க முடியாத எண்ணிக்கையில் தருவது டுக்கென்–கீக் அடித்தளம். அதன் ஒவ்வொரு விதியும் ஒரு குறிப்பிட்ட வகைப் பண்புத் தொகுதியிலிருந்து (நம் அட்டவணையில் மொழித் தொகுதியிலிருந்து) தொடங்குகிறது. ஒரே ஒரு தொகுதியைக் கையில் கொடுத்து, இது அவ்வகையா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்பதுதான் விடை. அந்த ஒற்றைச் சொல்லைக் கண்டறிவதே கோ-என்பி முழுமை, அதாவது 'இல்லை' என்ற விடைக்கான சான்றை விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகளில் மிகக் கடினமான வகை, என்று 2010-இல் பாபினும் குஸ்னெட்சோவும் காட்டினர். விரைவாகத் தீர்க்கக்கூடிய கணக்குகளின் வகையான பி-யும், 'ஆம்' என்ற விடைக்கான சான்றை விரைவாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகளின் வகையான என்பி-யும் ஒன்றாக இருந்தாலொழிய அதற்கு விரைவான பொதுவழி கிடையாது. தொடர்கட்டுரை வெளியிடும் எண்ணம் இருந்தால், நீளமான விடையால் வரும் சுமையையும் கேள்வியிலேயே உள்ள கடினத்தையும் தனித்தனியே விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு