மஹாபாத் பற்றி உனக்கு ஒரு பதில்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அண்ணன் மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி குறைந்துவிட்டதென்று எண்ணெய் தேய்ப்பதை மட்டும் நிறுத்த விடாதே. இங்கே எல்லோரும் நலம். மருமகள் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், பேரனும் பள்ளிக்குப் போய்விடுகிறான். பகல் முழுக்க வீடு எனக்குத்தான், நிறையப் படிக்கிறேன்.

ஈரானின் வடமேற்கில் குர்து இன மக்கள் 1946இல் அமைத்து, ஒரு வருடத்துக்குள் விழுந்துபோன மஹாபாத் குடியரசைப் பற்றி நான் எழுதியதற்கு, "ரஷ்யர்கள் உண்டாக்கினார்கள், ரஷ்யர்கள் போனதும் விழுந்தது. இதில் இவ்வளவு வருத்தப்பட என்னடி இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். இதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

முதலில் அந்த ஊர் இருந்த இடத்தைப் பார். 1941 ஆகஸ்டில் சோவியத் படை வடக்கிலிருந்தும் பிரிட்டிஷ் படை தெற்கிலிருந்தும் ஈரானுக்குள் நுழைந்தன. அடுத்த மாதமே ஈரான் மன்னர் ரேஸா ஷா பட்டம் துறந்தார். அவர் காலத்தில் குர்துகளுக்குத் தங்கள் உடையைக்கூட விருப்பம்போல் உடுத்த முடியவில்லை. பள்ளிக்கூடங்களில் பாரசீகம் மட்டும்தான். அந்தப் பிடி தளர்ந்தபோது, உர்மியா ஏரிக்குத் தெற்கே, இரண்டு படைகளுக்கும் இடையில், யாருடைய அதிகாரமும் சரியாக எட்டாத ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. மஹாபாத் அங்கேதான் இருக்கிறது. 1942இல் அவ்வூர்க்காரர்கள் சிலர் கோமலா என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிஷ்டிமான் என்ற பத்திரிகையை மறைவாக அச்சிட்டுப் பரப்பினார்கள். குடியரசுக்கு மூன்று வருடத்துக்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. இதற்கு ரஷ்யர்கள் தேவைப்படவில்லை, கமலா.

பிறகு குடியரசின் தலைவரான காஸி முஹம்மத் பின்னால்தான் அதில் சேர்ந்தார். நீதிபதிகளின் குடும்பம், ஊரே மதித்த மனிதர். 1945 செப்டம்பரில் அவரும் சில தலைவர்களும் பாக்கூவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சோவியத் அஸர்பைஜானின் தலைவர் பாகிரோவ், ஈரானின் பக்கத்து அஸர்பைஜான் பகுதியில், தப்ரீஸ் நகரில் அமையவிருந்த அரசுக்குள் குர்துகள் அடங்கியிருக்கலாம் என்று நினைத்தார். இவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, தனியாகத்தான் வேண்டும் என்று நின்றார்கள். கடைசியில் டாங்கி, பீரங்கி, துப்பாக்கி, அச்சு இயந்திரம் எல்லாம் தருவதாக வாக்குக் கொடுத்தார் பாகிரோவ். துப்பாக்கிகள் கொஞ்சம் வந்தன. டாங்கியும் பீரங்கியும் வரவே இல்லை. அச்சு இயந்திரம் வந்தது.

1946 ஜனவரி 22ஆம் தேதி, மஹாபாத்தின் ச்வார் சிரா சதுக்கத்தில், தலையில் வெள்ளைத் தலைப்பாகையும் உடம்பில் சோவியத் பாணிச் சீருடையுமாக நின்று காஸி குடியரசை அறிவித்தார். அந்த ஒரு வருடத்திற்குள் அந்த அச்சகம் செய்த வேலையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. குர்திஸ்தான் என்று ஒரு செய்தித்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடநூல்கள். ஹெஜார், ஹேமின் என்ற இரண்டு இளம் கவிஞர்களைக் குடியரசு தன் கவிஞர்களாகக் கொண்டாடியது. பக்கத்து ஊரான புக்கானில் ஹலாலா என்ற இதழ் வந்தது. காஸியின் மனைவி மீனா பெண்களுக்கான அமைப்பை முன்னின்று நடத்தினார். மாஸ்கோவில் யாரும் இவற்றைக் கேட்கவில்லை. கேட்டது மஹாபாத்தின் ஆசிரியர்களும் கடைக்காரர்களும்.

இன்னொன்று. 1946 செப்டம்பரில் அமெரிக்கத் தூதரகத்தின் ராணுவ அதிகாரி ஆர்ச்சி ரூஸ்வெல்ட், பழைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன், அங்கே போய்ப் பார்த்தார். தப்ரீஸில் லண்டன், அங்காரா வானொலியைக் கேட்டாலே ஆபத்து. மஹாபாத் தெருக்களில் அதே ஒலிபரப்புகள் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தன என்று அவர் பதிவு செய்திருக்கிறார். அடிவருடி அரசு என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

பலவீனங்கள் இருந்தன, மறைக்கவில்லை. தெற்கே சக்கிஸ், சர்தஷ்த் ஊர்கள் பக்கம் ஈரான் படை இருந்துகொண்டேதான் இருந்தது. பெரிய குர்து நகரமான சனந்தஜ் ஒருநாளும் இவர்கள் கைக்கு வரவில்லை. ஈரானின் மற்றப் பகுதிகளோடு வியாபாரம் சுருங்கியது. புகையிலையை ரஷ்யர்கள் வாங்கியதில்தான் பணம் புரண்டது. இராக்கிலிருந்து முல்லா முஸ்தஃபா பார்ஸானி தன் வீரர்களோடும் அவர்களுடைய குடும்பங்களோடும் வந்து சேர்ந்திருந்தார். நம்பிச் சண்டைக்கு அனுப்பக்கூடிய படை அதுதான். ஆனால் அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டியதும் இந்தச் சின்ன ஊர்தான். சுற்றியிருந்த இனக்குழுத் தலைவர்கள் பலர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசுக்குள்ளேயே இருந்த பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனாலும் முடிவு செய்யப்பட்டது வேறு இடத்தில். 1946 ஏப்ரலில் ஈரான் பிரதமர் கவாம் மாஸ்கோவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்: வட ஈரானில் இரு நாடுகளும் சேர்ந்து எண்ணெய் நிறுவனம் அமைக்கும், சோவியத் படை வெளியேறும். ஆனால் எண்ணெய் விஷயத்துக்கு ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். மே மாதம் படை போய்விட்டது. நாடாளுமன்றம் அமையத் தேர்தல் நடத்த வேண்டும், தேர்தலுக்குப் பாதுகாப்பாக எல்லா மாகாணங்களுக்கும் ராணுவம் போக வேண்டும் என்றார் கவாம். டிசம்பரில் ராணுவம் கிளம்பியது. தப்ரீஸ் உடனே விழுந்தது. ரஷ்யர்கள் அசையவில்லை.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். காஸிக்கு வழி இருந்தது. தப்ரீஸின் தலைவர் பிஷேவரி எல்லை தாண்டிப் போய்விட்டார். பார்ஸானி தன்னோடு வந்துவிடும்படி காஸியை அழைத்ததாகவும் சொல்கிறார்கள். அவர் போகவில்லை. தான் ஓடிவிட்டால் ராணுவம் ஊர்மீது கை வைக்கும் என்று நினைத்து, தானே போய்த் தளபதியிடம் சரணடைந்தார். டிசம்பர் நடுவில் ராணுவம் மஹாபாத்துக்குள் வந்தது. அச்சகத்தை மூடினார்கள், குர்து மொழிப் பாடங்களை நிறுத்தினார்கள், புத்தகங்களை எரித்தார்கள். 1947 மார்ச் 31 விடியும் முன், குடியரசை அறிவித்த அதே சதுக்கத்தில் காஸியையும், தம்பி சத்ர் காஸியையும், உறவினரும் போர் அமைச்சராக இருந்தவருமான சைஃப் காஸியையும் தூக்கிலிட்டார்கள். சத்ர் ஈரான் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், கமலா. அவரையுமா?

எந்த எண்ணெய்க்காக ரஷ்யர்கள் இவர்களைக் கைவிட்டார்களோ, அந்த ஒப்பந்தத்தை 1947 அக்டோபரில் ஈரான் நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. ஆதரித்தவர்கள் இரண்டே பேர். காஸி இறந்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"ரஷ்யர்களை நம்பியிருக்கக் கூடாது" என்பாய். வேறு யாரை நம்புவது? லண்டனும் வாஷிங்டனும் தெஹ்ரானின் பக்கம் நின்றன. துருக்கியும் இராக்கும் தங்கள் குர்துகளை எப்படி நடத்தின என்று காஸிக்குத் தெரியும். கிடைத்த ஒரே கதவைத் தட்டினார். அதை நான் குற்றமாக எண்ணவில்லை.

பார்ஸானி சரணடையவில்லை. ஐந்நூறு பேர் அளவில் கூட்டிக்கொண்டு, மூன்று நாடுகளின் எல்லைகளை ஒட்டிய மலைகள் வழியே, துரத்தி வந்த படைகளுக்குத் தப்பி, 1947 ஜூனில் அராஸ் ஆற்றைக் கடந்து சோவியத் நாட்டுக்குள் போனார். 1958இல்தான் இராக் திரும்பினார். 1946 ஆகஸ்டில் மஹாபாத்தில் பிறந்த அவருடைய மகன் மசூத், பின்னாளில் இராக்கின் குர்திஸ்தான் பகுதிக்கு ஜனாதிபதியானார். அந்த மலைப் பயணத்தை விரிவாக எழுத ஆசை. உன்னிடம் அந்தப் பெரிய உலகப்பட நூல் இருக்கிறதா? இருந்தால் ஈரான், துருக்கிப் பக்கங்களை எடுத்து வை, அடுத்த கடிதத்தில் பாதையைச் சொல்கிறேன். இதற்கும் மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுது.

அண்ணனை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ராஜி