கோபேயிலிருந்து சித்தப்பாவுக்கு

கோபே, ஜப்பான்
12-2-2026

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சிறு, நடுத்தரத் தொழில்களை வளர்ப்பது குறித்துப் பல நாட்டு அரசு அலுவலர்களுக்கு ஜப்பான் அரசின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்கா நடத்தும் பயிற்சிக்காக இங்கே தங்கியிருக்கிறேன். குளிர் கடுமைதான், சோறு கிடைக்கிறது, ரசத்துக்குத்தான் வழியில்லை. அந்தக் கதையையெல்லாம் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டியது பட்டறைச் சமாச்சாரம்.

இங்கிருந்து ரயிலில் போனால் ஒசாகாவைத் தாண்டி ஹிகாஷி ஒசாகா என்ற ஊர் வருகிறது. ஏறத்தாழ 6,000 ஆலைகள் இருக்கும் ஊர். அவற்றில் பெரும்பாலானவை இருபது பேர்கூட வேலை செய்யாத பட்டறைகள். நம் கோவை கணபதிப் பகுதியைப் போலவே வீட்டை ஒட்டி ஷெட், ஷெட்டுக்குள் லேத், வாசலில் இரும்புச் சுருள். இந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் ஒன்றுகூடி முன்கை எடுத்து உருவாக்கிய சிறு செயற்கைக்கோள் 2009 ஜனவரி 23 அன்று விண்ணுக்குப் போனது. எனக்கு அதைவிடப் பிடித்தது இங்கே பிறந்த ஒரு நட்டு. கோயில் வாயில் மரச்சட்டத்தில் ஆப்பு அடித்து இறுக்கியிருந்ததைப் பார்த்த ஒருவர், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் இரண்டு நட்டுகளில் ஒன்றின் மையத்தைச் சற்றே விலக்கி வைத்து, திருகத் திருக ஆப்புப் போல இறுகும்படி செய்தார். அதிவேக ரயில்களில் இன்று அதைத்தான் மாட்டுகிறார்கள்.

உலோகத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்புக்கு எங்களை அழைத்துப் போனார்கள். அரசுத் தேர்வெழுதித் தகுதி பெற்ற தொழில் ஆலோசகர் ஒருவரும் உடன் வந்தார். சிறுதொழில்களுக்காகவே இங்கே இப்படியொரு தகுதி இருக்கிறது. அவர் முதலாளியின் மேசையில் உட்காரவில்லை. டையை, அதாவது பிரஸ்ஸின் அச்சை, மாற்றுகிற தொழிலாளியின் அருகில் போய் நின்று, ஸ்பேனரைத் தேடி எத்தனை முறை நடக்கிறார், எங்கே குனிகிறார் என்று குறித்துக்கொண்டார். அவர் முன்பு சொன்ன யோசனையின்படி ஒவ்வொரு டையின் அடியிலும் தகடு வைத்து எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கியிருந்தார்கள். அதனால் டை மாறும்போது பிரஸ்ஸின் உயரத்தை மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை. ஸ்பேனர் மெஷினிலேயே தொங்குகிறது. புது மெஷின் வாங்கவில்லை, கடன் வாங்கவில்லை. உங்கள் பட்டறையில் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

கடன் உத்தரவாதம், மானியம் பற்றியும் வகுப்புகள் உண்டு. அவை நம்மிடமும் இருப்பவை என்பதால் விட்டுவிடுகிறேன்.

நிலுவைத் தொகை பற்றி நடந்த வகுப்பில்தான் உங்கள் நினைவு வந்தது. பெரிய நிறுவனம் சிறு பட்டறைக்குக் கொடுக்கும் ஜாப் ஆர்டருக்கு, சரக்கைப் பெற்றுக்கொண்டதிலிருந்து 60 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 14.6 விழுக்காடு வட்டி என்பது இங்குள்ள விதி. அதற்கு அடிப்படையான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. நம்முடைய 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டமோ 45 நாளுக்கு மேல் தவணை கூடாது என்கிறது, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான் என்கிறது, தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது. ஏட்டில் நம்முடையதே கடுமையானது. ஆனால் நம் ஊரில் பட்டறைக்காரர்தான் முதலில் மனு கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. அந்த பம்ப் கம்பெனி விஷயத்தில் நீங்கள் வாய் திறக்காததற்கும் அதுதானே காரணம்?

இங்கே சிறுதொழில் முகமையும் வணிகப் போட்டி ஆணையமும் ஆண்டுதோறும் வேலை கொடுப்பவர், வாங்குபவர் இரு தரப்புக்கும் கேள்வித்தாள் அனுப்புகின்றன. விவரத்தைச் சொன்னது யார் என்று வெளியே விடாமல், அலுவலர்களே பெரிய நிறுவனத்துக்குப் போய்க் கணக்கைப் புரட்டுகிறார்கள். இந்த ஜனவரி 1 முதல் சட்டத்தை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்: பணத்துக்குப் பதிலாக, பின்னொரு நாளில் தருவதாக எழுதிய கடனுறுதிச் சீட்டு கொடுப்பது கூடாது, மூலப்பொருள் விலை ஏறியிருக்கும்போது, பேச்சுவார்த்தைக்கே வராமல் பழைய விலையைத் திணிப்பதும் கூடாது. இதனால் பயம் அடியோடு போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகார் செய்யும் பாரத்தைச் சின்னவன் தலையில் மட்டும் சுமத்தவில்லை. நம் அலுவலகத்தில் இதை எந்த அளவுக்குச் செய்ய முடியும் என்று, திரும்பி வந்ததும் தர வேண்டிய அறிக்கையில் எழுத இருக்கிறேன். அதை மேலிடம் எப்படி எடுத்துக்கொள்ளுமோ, அது வேறு.

ஜப்பானுக்குப் பெரிய கவலை வேறொன்று. 2025-க்குள் எழுபது வயதைத் தாண்டும் சிறுதொழில் முதலாளிகள் 24.5 லட்சம் பேர் இருப்பார்கள், அவர்களில் பாதிப்பேருக்கு அடுத்து யார் என்பது முடிவாகவில்லை என்று அரசே முன்பு மதிப்பிட்டிருந்தது. பிள்ளை வராவிட்டால் பட்டறையை வேறு நல்ல கைக்கு மாற்றிவிட 47 மாநிலங்களிலும் உதவி மையங்கள் வைத்திருக்கிறார்கள். தம்பி சென்னை வேலையை விட்டு வரமாட்டான் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். அவனைத் தவிர வேறு ஆள் உண்டா என்று இப்போதே யோசித்து வைப்பதில் தவறில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். நிலுவையில் உள்ள பில்கள், டெலிவரி சலான்கள், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். சிறுதொழில் என்பதற்கான உத்யம் பதிவுச் சான்றின் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வந்ததும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்