குப்பியில் வந்த சாட்சி

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து நானும் மீனாட்சியும் மிகவும் மகிழ்ந்தோம். உடனே பதில் எழுத விடாமல் என்னைப் பிடித்து வைத்திருந்தது, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் ஒரு சிறு குப்பி. அதில் இருந்தது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள், நூறு மைக்ரோலிட்டர், அதாவது சில துளிகள்தான்.

விந்தணு உருவாவதற்கு இன்றியமையாத டிடிஎக்ஸ்4 என்ற புரதம் திசுவில் எங்கே இருக்கிறது என்று காட்டுவதே அந்த எதிர்ப்பொருளின் வேலை. வரலாறு கற்பிக்கும் உனக்கு இந்தப் புரதத்தின் இன்னொரு பெயர் பிடிக்கும்: வாசா. 1986-இல் ஷூப்பாக், வீஷாஸ் என்ற இரு ஆய்வாளர்கள், தாய்ப் பழ ஈயிடம் பழுதடைந்திருந்தால் அதன் கருக்களில் இனச்செல்களே (பின்னர் முட்டையாகவோ விந்தணுவாகவோ மாறும் செல்கள்) தோன்றாமல் போகும் சில மரபணுக்களைக் கண்டு, அவற்றுக்கு வம்சம் அற்றுப்போன ஐரோப்பிய அரச குடும்பங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஸ்வீடனை ஆண்ட வாசா வம்சமும் அப்படித்தான் உள்ளே வந்தது. டியூடரும் அந்தப் பட்டியலில் உண்டு.

பாலூட்டிகளில் கதை சற்று மாறுகிறது. இந்த மரபணு நீக்கப்பட்ட பெண் எலிகள் குட்டி ஈனுகின்றன. ஆண் எலிகளோ மலடாகின்றன, ஏனெனில் அவற்றின் இனச்செல்கள் குன்றல் பகுப்பின் (குரோமோசோம்களைப் பாதியாக்கும் செல்பிரிவின்) தொடக்க நிலையைத் தாண்டாமல் மடிந்துவிடுகின்றன. இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். ஆகவே, நலமான விந்தகத்தின் மெல்லிய சீவலில் எதிர்ப்பொருளை இட்டு நிறமேற்றினால், ஒவ்வொரு விந்தாக்கக் குழலின் உட்புறத்திலும் இனச்செல்களின் சைட்டோபிளாசம் (உட்கருவைச் சூழ்ந்த பகுதி) மட்டும் பழுப்பாகத் தெரிய வேண்டும். அவற்றைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்களும், குழல்களுக்கு வெளியே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களும் நிறமற்றிருக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளாக எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பழைய குப்பி தீர்ந்து, அதே நிறுவனத்தின் அதே பட்டியல் எண்ணில் புதியது வந்தபோது, லேடிக் செல்களும் சேர்ந்து பழுப்பாயின. கழுவியது போதவில்லையோ, சீவலைத் தயார்செய்யும்போது சிட்ரேட் கரைசலில் கூடுதலாகக் கொதிக்கவைத்தோமோ என்று இரண்டு வாரம் எங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் இது பல்வகை எதிர்ப்பொருள். புரதத்தின் ஒரு துண்டை முயலுக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுத்த பல எதிர்ப்பொருள்களின் கலவை. முயல் மாறினால் கலவையும் மாறும், லேபிள் மட்டும் மாறாது.

சந்தேகத்தைத் தீர்க்க, அந்த மரபணு இல்லாத எலியின் திசுவை வேறொரு குழுவிடம் கேட்டு வாங்கினோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாணவர்கள் அதைக் கவனிக்கத் தவறினார்கள், நானும் முதலில் தவறினேன். வளர்ந்த எலியின் குழல்களில் நிறம் ஏறாவிட்டால் அது எதிர்ப்பொருளுக்கு நற்சான்று ஆகாது. நிறமேற வேண்டிய செல்களே அங்கு மடிந்து போயிருக்கும். வீட்டில் ஆள் இல்லாதபோது கதவைத் தட்டிவிட்டு, திருடன் இல்லை என்று சொல்வதைப் போன்றது அது. எனவே இனச்செல்கள் இன்னும் உயிரோடிருக்கும் பத்து நாள் குட்டியின் விந்தகத்தைப் பார்த்தோம். இனச்செல்களில் நிறமில்லை, லேடிக் செல்களில் இருந்தது. கலவையில் ஒரு பங்கு நேர்மையானது, இன்னொரு பங்கு வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

நான் இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்காதே. 2012-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், இதே புரதத்துக்கான எதிர்ப்பொருளைக் கொண்டு பெண்களின் அண்டகத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, அவை புதிய கருமுட்டைகளை உண்டாக்கவல்ல தண்டுசெல்கள் என்று அறிவித்தார்கள். செல்லுக்குள் இருக்க வேண்டிய புரதம் அதன் மேற்பரப்பில் எப்படிச் சிக்கியது என்று பலர் அப்போதே கேட்டார்கள். 2020-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் அண்டகச் செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அந்த எதிர்ப்பொருள் பிடித்தவை இரத்தக் குழாய்களை ஒட்டி வாழும் சாதாரணச் செல்கள் என்று காட்டினார்கள். வாசா அரசர்களின் நாட்டிலிருந்தே அந்த மறுப்பு வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. குழந்தைக்காக ஏங்கியிருந்தவர்கள் அந்த முதல் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று எண்ணும்போது வேடிக்கை குறைந்துவிடுகிறது.

நாங்கள் இப்போது ஒற்றை வகை எதிர்ப்பொருளுக்கு மாறிவிட்டோம். கோலர், மில்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் கண்ட முறையில், ஒரே செல்வழியிலிருந்து வருவதால் அது முயலுக்கு முயல் மாறாது. ஆனாலும் ஒவ்வொரு குப்பியையும் குட்டி எலியின் சீவலில் சோதித்த பிறகே மாணவர்களிடம் கொடுக்கிறேன். அவர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது.

நேற்று எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பழுப்பு வளையத்தின் நடுவே நிறமின்றி வால் வால்களாகத் தெரிபவை முதிர்ந்த விந்தணுக்கள். அவற்றை உருவாக்கிய புரதம் அதற்குள் அவற்றை விட்டுப் போயிருக்கும். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுத மறந்துவிட்டாய்.

அன்புடன்,
சுந்தரம்